எழுத்துக் கேள்வியா, படக் கேள்வியா?

"கடல்நீரில் மிகுதியாகக் கரைந்துள்ள உப்பு எது?" என்று எழுத்தில் கேட்டால், மாணவர் 'சோடியம் குளோரைடு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். திருத்துவது எளிது, சோதிக்கப்பட்டது நினைவாற்றல் மட்டுமே.

காரணம் கேட்க வேண்டுமென்றால் நான் படத்தின் பக்கம். வாலிநோக்கம் உப்பளத்தின் அடுத்தடுத்த மூன்று பாத்திகளை வரைந்து, நீரின் அடர்த்தியை மட்டும் குறித்துக் கொடுங்கள். எதில் எது படியும்? நீர் வற்ற வற்ற, கரைதிறன் குறைந்த ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) முந்துகிறது, பிறகு சாப்பாட்டு உப்பு. மெக்னீசியம் உப்புகள், உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரிலேயே தங்குகின்றன. இதை மாணவரே தர்க்கித்து அடைய வேண்டும். அந்த நீரை வடிக்காவிட்டால் உப்பு ஏன் ஈரம் கசிகிறது என்றும் கிளறலாம். (உப்பளத்துப் பிள்ளைகள் இங்கே ஆசிரியரையே மடக்குவார்கள்!)

ஒரு தொல்லை: நகலெடுக்கையில் படம் கறுத்துப்போனால் மூன்று பாத்தியும் ஒன்றாகிவிடும்.