வக்சிங் செய்யப் போற பிள்ளைகள் இதை ஒருக்கா வாசியுங்கோ

கலியாணத்துக்கு முதல்நாள் கைக்கு வக்ஸ் போடப் போன ஒரு பிள்ளைக்கு முழங்கைக்குக் கீழே தோல் உரிந்துபோச்சு. கிளிநொச்சிப் பக்கக் கடை, பெயர் வேண்டாம். "ஆறு தரம் போட்டால் பிறகு மயிரே முளைக்காது" என்று ஆறு தரக் காசையும் முற்பணமாக வாங்கியிருக்கினம்.

அது சுத்தப் பொய். வக்ஸ் மயிரைப் பிடுங்குமே தவிர, முளைக்கிற குழியை அழிக்காது. 3 முதல் 6 கிழமைக்குள் திரும்ப வரும். தொடர்ந்து செய்தால் சிலருக்கு மெல்லிசாக வரும், அவ்வளவுதான்.

தோல் ஏன் உரிந்தது? அந்தப் பிள்ளை லேபல் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம் பூசுறவ. கடையில் ஒருத்தரும் கேட்கவில்லை. இப்படியான கிறீம்களில் ஸ்ரீரொயிட் என்ற மருந்து கலந்திருக்கிறது வழக்கம். அது தோலை மெலிய வைக்கும், வக்ஸ் மயிரோடு மேல்தோலையும் கழற்றிக்கொண்டு வரும். பருவுக்கு அடாபலீன், ரெற்றினோயின் பூசுறவை அந்த இடத்தில் ஒரு கிழமைக்கு முன்னரே நிற்பாட்ட வேணும். பருவுக்கு ஐசோரெற்றினோயின் குளிசை எடுத்தவை, நிற்பாட்டி 6 மாதம் பொறுங்கோ. சலரோகம் உள்ளவை டொக்டரைக் கேட்டிட்டுப் போங்கோ.

அடுத்தது, மூன்று நாளைக்கு முதல் றேசர் போட்ட கை அது. மயிர் 6 மில்லிமீற்றர், ஏறக்குறைய ஒரு நாட்டரிசி நீளம், இல்லாவிட்டால் வக்ஸ் பிடிக்காது. றேசர் போட்டால் இரண்டு மூன்று கிழமை வளர விடவேணும். பிடிக்கவில்லையென்று அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டு இழுத்திருக்கினம். மிஞ்சிற நாலு மயிரைச் சாவணத்தால் எடுத்திருக்கலாம்.

ஒழுங்கான வேலை எப்படி இருக்கும்? வன்னி வெயிலுக்கு வியர்வையைத் துடைத்து, மெல்லிசாகப் பவுடர் தடவுவினம். வியர்த்த தோலில் வக்ஸ் ஒட்டாது. சூட்டை முதலில் தங்கட மணிக்கட்டிலும் பிறகு உங்கட கையில் ஒரு சின்ன இடத்திலும் பார்ப்பினம். மயிர் வளர்ற பக்கமாக மெல்லிசாகத் தடவி, துணிப்பட்டியை வைத்து அதே பக்கம் அழுத்தித் தேய்ப்பினம். ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்து, மறுகையால் எதிர்ப்பக்கம், தோலோடு ஒட்டினபடி ஒரே வீச்சில் இழுப்பினம். மேலே தூக்கி இழுத்தால் மயிர் நடுவில் முறியும், தோல் கண்டும். முறிஞ்ச மயிர் உள்ளுக்கு வளர்ந்து பருவாகும்.

வக்ஸ் சட்டிக்குள் ஒருக்கா எட்டிப் பாருங்கோ. சின்னச் சின்ன மயிர் கிடந்தால் எழும்பி வந்திடுங்கோ. தோலில் தடவின தடியை திரும்பச் சட்டிக்குள் விடக்கூடாது. ஒவ்வொரு தோய்ப்புக்கும் புதுத் தடி. ஒரு ஐஸ்கிறீம் குச்சியில் மிச்சம் பிடிக்கிற கடை வேறெதில் பிடிக்காது?

கலியாணம், சாமத்திய வீடென்றால் இரண்டு மூன்று நாளைக்கு முதலே செய்யுங்கோ. பிறகு 24 மணித்தியாலம் சுடுதண்ணி, இறுக்கமான சட்டை, வாசனைப் பொருள் வேண்டாம். இரண்டு நாளைக்குக் குளத்திலும் வாய்க்காலிலும் இறங்காதேங்கோ. மயிர்க்குழி திறந்திருக்கும், கிருமி போகும்.

சுட்டுப்போனால் ஓடுற பச்சைத் தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கோ. பற்பசை, ஐஸ் வேண்டாம். தோல் உரிந்தாலோ கொப்பளித்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பில்லையும் காயத்தின் படத்தையும் வைத்திருங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் எழுத்தில் குடுக்க வேணும்.