வியன்னா ஓபராவில் உட்காருவதா, நிற்பதா?

மியூனிக்கில் படிக்கும் எனக்கு வியன்னா நாலு மணி நேர ரயில் பயணம். போன செமஸ்டர் விடுமுறையில் இரண்டு நாள் போயிருந்தபோது, அங்குள்ள ஸ்டேட் ஓபரா என்ற இசை நாடக அரங்கில் ஒரு நாள் உட்கார்ந்தும் (அப்படித்தான் டிக்கெட்டில் போட்டிருந்தது) மறுநாள் நின்றும் பார்த்தேன். என் ஓட்டு நிற்பதற்குத்தான்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல இருக்கைகள் 200 யூரோவைத் தாண்டும், நிற்கும் டிக்கெட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மாணவன் பர்ஸுக்கு நடுவில் மிஞ்சுவது பக்கவாட்டு பாக்ஸில், அதாவது சில நாற்காலிகள் மட்டும் போட்ட சின்னத் தடுப்பறையில், பின்வரிசை நாற்காலி. முதல் நாள் அதைத்தான் வாங்கினேன், 'லா ட்ராவியாட்டா' என்ற ஓபராவுக்கு.

பாக்ஸ் என்றதும் ராஜா மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். சிவப்புத் துணி, கோட் மாட்டக் கொக்கி, எல்லாம் இருந்தது. மேடைதான் இல்லை! அரங்கம் குதிரை லாட வடிவம், பாக்ஸ்கள் அதன் ஓரம் முழுக்க வரிசையாக இருக்கின்றன. முன்வரிசைக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்ப்பார், அவர் தலைக்குப் பின்னால் இருப்பவருக்கு எதிர்ப்பக்கத்து பாக்ஸில் உள்ளவர்களின் முகம்தான் தெரியும். நான் இருந்தது இடது பக்கம், அதனால் மேடையின் இடது பாதி எனக்குக் கிடையாது. முதல் அங்கத்து விருந்தில் யாரோ அந்தப் பாதியில் நின்று பாடுகிறார்கள், எனக்குக் குரல் மட்டும் வருகிறது. பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன், கடைசிவரை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேதான் பார்த்தேன்.

மறுநாள் 'டோஸ்கா' என்ற ஓபரா. கீழ்த்தளத்தில் நிற்கும் இடம் நடு பாக்ஸுக்கு நேர் கீழே இருக்கிறது, அதாவது ஊரிலேயே விலை உயர்ந்த இருக்கைகளுக்கு அடியில், மேடைக்கு நேர் எதிரே. படிப்படியாக உயரும் தளம், சாய்ந்துகொள்ளக் கம்பி, அதிலேயே சப்டைட்டில் காட்டும் சின்னத் திரை. இடம் பிடிக்கும் முறையைப் பார்த்துச் சிரித்தேவிட்டேன். கம்பியில் ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், யாரும் அதை அவிழ்ப்பதில்லை. நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதேதான். என்னிடம் ஸ்கார்ஃப் இல்லை, பையில் ஈரோட்டுத் துண்டு இருந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி அதன் முடிச்சை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டாம் அங்கத்தில் வில்லனான போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியாவைக் குத்திக் கொன்றபின் கதாநாயகி டோஸ்கா அவன் உடலின் இரு பக்கமும் மெழுகுவத்தி வைப்பாள், அப்புறம் சிலுவையை அவன் மார்பில் வைப்பாள். அந்த நேரத்தில் பாட்டே கிடையாது, இசைக்குழு மட்டும்தான். முந்தைய நாள் இடத்தில் இருந்திருந்தால் ஒரு மெழுகுவத்திதான் பார்த்திருப்பேன், அதுவும் சந்தேகம். அந்தத் தயாரிப்பு 1958இல் முதன்முதலாக மேடையேறியது, இன்னமும் அதே அரங்க அமைப்போடு நடக்கிறது.

இடைவேளையில் இரண்டு டிக்கெட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1869இல் திறந்த கட்டடத்தின் பெரிய படிக்கட்டில் நானும் ஏறி இறங்கினேன். 1945 மார்ச் 12 குண்டுவீச்சில் அரங்கும் மேடையும் எரிந்துபோயின, அந்தப் படிக்கட்டு தப்பித்தது. உள்ளே நாம் பார்க்கும் அரங்கு 1955இல் திறந்தது.

கால் வலித்ததா? வலித்தது, மூன்றாம் அங்கத்தில் ஒற்றைக் காலில்தான் நின்றேன். டோஸ்காவுக்கு இரண்டு இடைவேளை இருந்ததால் சமாளித்தேன். வாக்னர் என்ற இசையமைப்பாளரின் நீண்ட ஓபராக்களை ஐந்து மணி நேரம் நின்று பார்த்ததில்லை, அதற்கு என் சிபாரிசை நம்ப வேண்டாம். மேல்மாடியில் நிற்கும் இடங்களுக்கும் நான் போகவில்லை, அங்கே ஒலி இன்னும் நன்றாக இருக்கும் என்று அந்தப் பாட்டி சொன்னார்.

முழங்கால் வலி உள்ளவர்கள், அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் பாக்ஸே வாங்குங்கள், ஆனால் முன்வரிசை நாற்காலி கிடைத்தால் மட்டும்.