சூப்பர்நோவா பார்க்க: கண்ணா, கேமராவா?

தொலைதூர விண்மீன் திரள்களில் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை, பின்தொடர ஆசைப்படுகிறவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே விலை வட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. 8 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி) வாங்கிக் கண்ணால் பார்க்கலாம். அல்லது கேமரா, மோட்டார் எல்லாம் உள்ளேயே பொருத்திய சின்ன ஸ்மார்ட் தொலைநோக்கி வாங்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்: 50 மி.மீ. லென்ஸ் உள்ள சீஸ்டார் எஸ்50. இன்று புதிதாக வாங்கச் சொன்னாலும் அதையேதான் வாங்குவேன்.

எடை, மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவது, தெருவிளக்கு வெளிச்சம் இதிலெல்லாம் சின்னதுக்கே சாதகம், விளக்கவே வேண்டாம். ஒளி சேர்க்கும் பரப்பில் 8 அங்குலக் கண்ணாடி 16 மடங்கு பெரியதுதான். ஆனால் கண்ணால் ஒளியைச் சேமித்து வைக்க முடியாது. கேமரா 10 விநாடிப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். இருண்ட கிராமத்து வானத்தில் 8 அங்குலத்தில் கண்ணுக்கு 14-ஆம் மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடக் கூட மங்கல்) எட்டுவதே பெரிய விஷயம். அடுக்கிய படத்தில் 15-ஐத் தாண்டுவது சாதாரணம்.

கண்ணால் பார்ப்பவர்களின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எவான்ஸ், தேவாலயப் போதகர், 40-க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்ணாலேயே கண்டுபிடித்தார். நூற்றுக்கணக்கான திரள்களைச் சுற்றி எந்த நட்சத்திரம் எங்கே நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். புதிதாக ஒரு புள்ளி முளைத்தால் உடனே தெரிந்துவிடும். எம்83 திரளில் 1983என் என்று பெயரிட்ட சூப்பர்நோவாவைக் கண்டவரும் அவர்தான். அந்த ஞாபகசக்தி எனக்கு வியப்பு, ஆனால் அதை நம்பி நான் இதில் இறங்க முடியாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: நாம் பார்த்த இரவு, பிறகு யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்கும்படி இருக்கிறதா?

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பூட்டுத் தொழில் செய்பவர் விக்டர் புசோ. 2016 செப்டம்பர் 20 அன்று தன் 40 செ.மீ. தொலைநோக்கியில் புதுக் கேமராவைச் சோதிக்க, சுமார் 8 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 613 திரளைப் படமெடுத்தார். முதலில் எடுத்த படங்களில் ஒன்றுமில்லை. சற்று நேரம் கழித்து எடுத்தவற்றில் ஒரு புள்ளி, அதுவும் படத்துக்குப் படம் பிரகாசமாகிக்கொண்டே. வெடிப்பின் அதிர்வலை நட்சத்திரத்தின் மேற்பரப்பை உடைத்து வெளியே வரும் தருணம் அது. 2018-ல் நேச்சர் இதழில் ஆய்வு வந்தபோது, ஒன்றுமில்லாத அந்த முதல் படங்களும் புள்ளி தெரிந்த படங்களுக்குச் சமமாக உதவின. எப்போது தொடங்கியது என்று சொன்னவை அவைதானே.

எம்101 திரளில் வந்த 2023ஐஎக்ஸ்எஃப் சூப்பர்நோவாவின் கதையும் இதுதான். ஜப்பானின் கோயிச்சி இடகாகி 2023 மே 19 அன்று, நம் நேரப்படி இரவு 11 மணிவாக்கில், 14.9 மேக்னிட்யூடில் அதைக் கண்டார். அறிவிப்பு வந்ததும் பல நாட்டு அமெச்சூர்கள் தங்கள் பழைய படங்களைத் தோண்டினார்கள். முந்தைய நாள் படங்கள் சிலவற்றில் அது மங்கலாக இருந்தது, அதற்கும் முந்தியவற்றில் இல்லை. வெடித்த நேரத்தை இத்தனை நெருக்கமாகக் குறிக்க அவை பெரிதும் உதவின. அதே இரவில் எம்101-ஐக் கண்ணால் ரசித்தவர்களிடம் எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எவான்ஸ் எதுவும் தெரியாத இரவுகளையும் குறித்து வைத்தார், அந்தக் குறிப்புகளை வைத்து 1980-களில் சூப்பர்நோவாக்கள் எத்தனை காலத்துக்கு ஒருமுறை வருகின்றன என்று கணக்கிட்டார்கள். அந்த ஒழுக்கம் இருந்தால் கண்ணும் பதிவாகும். ஆனாலும் குறிப்பேட்டை மறுபடி அளக்க முடியாது, படத்தை முடியும். அதனால்தான் அடுக்கிய ஜேபெக் மட்டும் போதாது, தனித்தனி ஃபிட்ஸ் கோப்புகளையும் (பிரகாசத்தை அளக்க உதவும் மூலப் படங்கள்) சேமிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிரம்பும், பரவாயில்லை.

சின்னத் தொலைநோக்கிக்கு இரண்டு குறைகள். திரளின் மையத்துக்கு ஒட்டினாற்போல வெடித்தால் புள்ளி மைய ஒளியில் கரைந்துவிடும். அங்கே பெரிய கண்ணாடியும் அதிக உருப்பெருக்கமும்தான் கை கொடுக்கும். இரண்டாவது, புதிதாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அமெரிக்காவின் பலோமர் ஆய்வகத்தில் உள்ள இசட்டிஎஃப் என்ற தானியங்கி வான்தேடல் கேமரா வடக்கு வானத்தையே சில இரவுகளில் துழாவி, 20-ஆம் மேக்னிட்யூடைவிட மங்கலானவற்றையும் பிடிக்கிறது. கண்டுபிடித்தே தீருவேன் என்பவர்களுக்கு 30 செ.மீ.க்கு மேற்பட்ட கருவியும் தானியங்கி அமைப்பும் தேவைப்படலாம். அதில் எனக்குச் சொந்த அனுபவமில்லை, படித்ததை வைத்துச் சொல்கிறேன். டாப்சோனியனிலும் நண்பருடையதில் பார்த்த பழக்கம் மட்டும்தான், வருடக்கணக்கில் கண்ணால் பார்ப்பவர்கள் என் கணிப்பைத் திருத்தலாம்.

வாங்கியவர்கள் சூப்பர்நோவா அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அருகிலிருக்கும் பெரிய திரள்களை இப்போதே படமெடுத்து வையுங்கள். எம்83 தெற்கே இருப்பதால் ஐரோப்பியர்களைவிட நமக்கு நன்றாக உயரும். அதில் இதுவரை ஆறு சூப்பர்நோவாக்கள் பதிவாகியுள்ளன. மார்ச் முதல் மே வரை எம்83, எம்101 இரண்டையும் ஒரே இரவில் எடுக்கலாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கருவியைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.