பழைய தளம்: புதிதாகக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா?

இருபது வருடமாக ஓடும் ஒரு சமூக இணையதளத்தைப் புதுப்பிக்க ஆள் தேவை என்றால், நிரல் எழுதத் தெரிந்தவர்களே முன்வரத் தயங்குகிறார்கள். மொத்தப் பாரமும் தன் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம். அது நியாயமான பயமா என்பது எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதல் வழி, அடியோடு புதிதாக எழுதுவது. இது ஜெயித்த இடமும் உண்டு. விக்கிப்பீடியா 2001இல் பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருளில் தொடங்கியது. 2002 ஜனவரியில், மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மன் மாணவர் பிஎச்பி என்ற இன்னொரு நிரல்மொழியில் தன்னார்வமாக எழுதிய மென்பொருளுக்கு மாறியது. கூட்டம் சேர்ந்ததும் அதுவும் திணற, அதே வருடம் ஜூலையில் லீ டேனியல் க்ராக்கர் திரும்ப எழுதினார். இன்று விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் அப்போது தளத்துக்கு வயதே ஒன்றரைதான்!

பழக்கம் ஊறிய தளத்தில் கதை வேறு. பயனர்கள் செய்திச் சுட்டிகளைப் பகிர்ந்து ஓட்டுப் போடும் டிக் (Digg) தளம் 2010 ஆகஸ்டில் நான்காம் பதிப்பை ஒரேயடியாக இறக்கியது; பிடிக்காத செய்தியைப் புதைக்கும் பொத்தானையும் எடுத்துவிட்டது. கொதித்துப்போன பயனர்கள் பலர் போட்டித் தளமான ரெடிட்டுக்குப் போய்விட்டார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்த நிறுவனத்துக்கே அந்தக் கதி.

இரண்டாவது வழி பழுதுபார்ப்பது. என் ஓட்டு இதற்குத்தான். பிஎச்பி 5இல் எழுதிய தளம் என்று வையுங்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேச அதுவரை இருந்த பழைய செயற்கூறுகளைத் தூக்கிவிட்டது. தரவுத்தளத்தைத் தொடும் வரிகளைத் தேடித் தேடி, அதே வேலையைச் செய்யும் புதிய முறையான பிடிஓவுக்கு (PDO) மாற்ற வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் பிஎச்பி 5இலேயே பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். இன்று ஒரு கோப்பு, அடுத்த மாதம் இன்னொன்று என்று முடித்துவிட்டு, கடைசியில் பதிப்பை உயர்த்தலாம். நடுவில் நமக்கு வேலை மாறினாலும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனாலும், தளம் நிற்காது. புதிதாகக் கட்டுவதைப் பாதியில் விட்டால் யாருக்கும் பயனில்லை.

பழைய தமிழ்த் தளமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தரவுத்தளத்தின் ஒரே அட்டவணையில், டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் உள்ள பதிவுகளும் இன்றைய யூனிகோட் பதிவுகளும் கலந்து கிடக்கலாம். எது எதுவென்று பார்க்காமல் மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றினால், நன்றாக இருந்த பதிவுகளும் சிதைந்துவிடும். மூலத்தைத் தொடாமல், நகலில் மாற்றிப் பார்க்க வேண்டும்.

மூலநிரலே தொலைந்துபோன தளம் என்றால் மட்டும் முதல் வழிக்குப் போகலாம். மற்றபடி, “இந்தப் பகுதியை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன், வாரத்துக்கு இவ்வளவு நேரம்தான் முடியும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டு இறங்குங்கள். அப்புறம் முதல் வேலையாக, தரவுத்தளத்தின் காப்பு நகல் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.