பழைய பறவை நூல் வாங்குவோர் முதலில் திறக்க வேண்டிய நூலகம்

பறவைகளைப் பற்றிய பழைய வண்ணப்பட நூல்களைச் சேகரிப்போருக்கு, ஏலப் பட்டியலையும் விற்பனையாளரின் உறுதிமொழியையும்விட நம்பகமான துணை ஒன்று காசில்லாமல் கிடைக்கிறது. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்னும் இணைய நூலகமே அது. படிப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் அதைப் பரிந்துரைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். இந்த மதிப்பீடு, விலை கொடுத்து நூல் வாங்குகிறவனின் கண்ணோட்டத்தில் எழுதப்படுவது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள், தாவரவியல் தோட்டங்கள் ஆகியவற்றின் நூலகங்கள் சேர்ந்து 2006ஆம் ஆண்டில் இதைத் தொடங்கின. இன்று இதில் 6 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் உள்ளன. படிப்பதற்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களே பெரும்பான்மை என்பதால், 19ஆம் நூற்றாண்டுப் பறவை நூல்கள் இங்கே நிறையக் கிடைக்கின்றன.

பழைய படநூல் வாங்கும்போது எழும் முதல் கேள்வி, எல்லாப் படத்தாள்களும் இருக்கின்றனவா என்பதுதான். ஒரு நூலை முழுதாக விற்பதைவிட, படங்களைக் கிழித்தெடுத்துச் சட்டமிட்டு ஒவ்வொன்றாக விற்பதில் கூடுதல் காசு பார்க்கலாம் என்று கண்டுகொண்ட வியாபாரிகள் நெடுங்காலமாக இருந்து வருகிறார்கள். அப்படிக் கைவைக்கப்பட்ட பிரதிகள் புதிய பைண்டிங்குடன் சந்தைக்குத் திரும்பி வரும்போது, குறையை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது எளிதன்று. பிரிட்டிஷ் படை அதிகாரி லெக் எழுதிய இலங்கைப் பறவைகளின் வரலாற்று நூலை எடுத்துக்கொள்வோம். 1878 முதல் 1880 வரை லண்டனில் மூன்று பகுதிகளாக வெளிவந்த அந்நூலில், டச்சு ஓவியர் கோய்லமான்ஸ் வரைந்து, கையால் வண்ணம் தீட்டப்பட்ட 34 கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து தாளில் அச்சிட்டவை) உண்டு. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூலில் இரண்டு தாள்கள் காணாமற்போனால், கையில் எடுத்துப் புரட்டுகிறவருக்குக்கூட அது உடனே புலப்படாது. இணையத்தில் உள்ள பிரதியைத் திறந்து, ஒவ்வொரு படமும் எந்தப் பக்கத்துக்கு எதிரே வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கங்களை மட்டும் ஒளிப்படம் எடுத்து அனுப்புமாறு விற்பவரிடம் கேட்டால் போதும். நேர்மையான விற்பனையாளர் அன்றைக்கே அனுப்பிவிடுவார். ‘படங்கள் முழுமை’ என்று விளம்பரம் செய்திருந்த ஒருவர், நான் இந்தப் பட்டியலை அனுப்பியதும் பதிலே எழுதவில்லை.

இதே முறை எல்லா நூலுக்கும் இவ்வளவு சுலபமாகப் பலிப்பதில்லை. மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன், தென்னிந்தியப் பறவைகளைப் பெரும்பாலும் கொண்ட 50 படங்களை 1843 முதல் 1847 வரை சென்னையில் பகுதி பகுதியாக வெளியிட்டார். பகுதிகளாக வாங்கிய சந்தாதாரர்கள் பின்னர் தத்தம் விருப்பப்படி பைண்டு செய்துகொண்டார்கள் என்பதால், இத்தகைய நூல்களில் ஒரு பிரதியின் வரிசை இன்னொரு பிரதிக்குப் பொருந்தாமல் போகலாம். நூலகத்தில் வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றப்பட்டிருக்கும் பிரதியும் யாரோ ஒருவர் பைண்டு செய்த பிரதிதான். வரிசை மாறியிருப்பதைக் குறையென்று கருதி நல்ல பிரதியைக் கைவிட்டுவிடக் கூடாது. எண்ணிக்கைதான் முக்கியம். ஜெர்டனைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், பெயர் பெற்றது என்றாலும் வண்ணப்படங்கள் இல்லாதது. அதை ‘அரிய படநூல்’ என்று குறிப்பிட்டு யாராவது விலை கூட்டிச் சொன்னால், இணையப் பிரதியைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எனக்கு இந்த நூலகம் மிகவும் பயன்பட்டது படங்களின் தன்மையை அறிந்துகொள்வதில்தான். ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்டின் முதல் பெருநூலான இமயமலைப் பறவைகள் தொகுதியில் 80 படத்தாள்கள் உள்ளன. அவற்றைக் கல்லில் வரைந்தவர் அவருடைய மனைவி எலிசபெத். முதலில் வெளிவந்த பிரதிகளில் பறவைக்கு மட்டுமே வண்ணம் உண்டு. அது அமர்ந்திருக்கும் கிளையும் தரையும் வண்ணமின்றி விடப்பட்டிருக்கும். பிற்பாடு வந்தவற்றில் பின்னணிக்கும் வண்ணம் தீட்டினார்கள். இந்த வேறுபாட்டை அறியாதவர், வண்ணமில்லாத கிளையைக் கண்டு வேலை பாதியில் நின்றுவிட்டது என்று நினைக்கக்கூடும். கையால் வண்ணமிட்ட நூல்களில் ஒரே படம் இரண்டு பிரதிகளில் இரண்டு விதமாக இருப்பதும் இயல்பு. தீட்டியவர்கள் பலர், ஒவ்வொருவர் கையும் வேறு. நூலகத்தில் சில நூல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது.

ஆயினும் திரையை நம்பி வண்ணத்தை மதிப்பிடக் கூடாது. வெவ்வேறு நூலகங்கள் வெவ்வேறு கருவிகளில் வருடிய பக்கங்கள் இவை. ஒன்றில் தாள் மஞ்சளாகவும், இன்னொன்றில் பளிச்சென்ற வெள்ளையாகவும் தெரிகிறது. திரையில் அறவே காணமுடியாதவையும் உண்டு. கோய்லமான்ஸ் காலத்துக் கைவண்ணப் படம் ஒன்றைச் சன்னலோரம் எடுத்துச்சென்று சற்றே சாய்த்தால், பறவையின் கண்மணியில் மட்டும் ஈரம் போல ஒரு பளபளப்பு தெரியும். வண்ணத்தின்மேல் வேலம்பிசின் தடவியதால் வரும் மினுக்கம் அது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், தூரிகை நின்ற இடத்தில் வண்ணம் சற்றே தடித்து ஓரம் கட்டியிருப்பதும், கறுப்புக் கோட்டுக்கு வெளியே ஓர் இழை வழிந்திருப்பதும் தெரியும். பல கற்களைக் கொண்டு வண்ணத்திலேயே அச்சிட்ட படமாக இருந்தால், அதே கண்ணாடியின் கீழ் ஓரம் கட்டிய வண்ணத்துக்குப் பதிலாகப் பொடிப்பொடியான புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும். ஹியூமும் மார்ஷலும் 1879 முதல் 1881 வரை கல்கத்தாவில் வெளியிட்ட வேட்டைப் பறவைகள் நூலின் படங்கள் இந்த இரண்டாம் வகை. கூல்டின் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்டு) நூலில் 360 படங்கள் உள்ளன. தங்கத் தகட்டின்மேல் வண்ணமேற்றி, தொண்டை இறகின் உலோக மினுக்கை அதில் கொண்டுவந்தார். அந்தப் படங்கள் திரையில் மங்கிய பழுப்பாகவும் பச்சையாகவும் கிடக்கின்றன. ஈயம் கலந்த வெள்ளை, காலப்போக்கில் கறுத்துப்போவதுண்டு. வயிற்றில் இருக்கும் சாம்பல் திட்டு அந்தப் பறவைக்கே உரியதா, கறுத்த வெள்ளையா என்பதைத் திரையில் பார்த்துத் தீர்ப்பளிக்க முடியாது. தாளைக் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

தேடும் வசதி பாராட்டத்தக்கது. பக்கங்களில் உள்ள அறிவியல் பெயர்களைக் கணினி தானே இனங்கண்டு அட்டவணைப்படுத்தியிருப்பதால், ஒரு பறவையின் பெயரைத் தந்தால் அது குறிப்பிடப்படும் நூல்களும் இதழ்களும் வரிசையாக வருகின்றன. ஆனால் பறவைப் பெயர்கள் காலந்தோறும் மாறியிருக்கின்றன. மஞ்சள் மூக்கு நாரையை இன்றைய பெயரான மிக்டீரியா லூகோசெபாலா என்று தேடுகிறவர், 19ஆம் நூற்றாண்டு நூல்களைத் தவறவிட்டுவிடுவார். டான்டாலஸ் லூகோசெபாலஸ் என்று தேடினால்தான் அவை வெளிப்படும். பழைய எழுத்துருக்களைக் கணினி தவறாகப் படிப்பதால் விடுபடுபவையும் உண்டு. ஆகவே பெயர்த் தேடலோடு நிறுத்தாமல், நூலின் தலைப்பைக் கொண்டும் ஆசிரியர் பெயரைக் கொண்டும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இடைமுகத்தில் சில தொல்லைகள் இருக்கின்றன. படத்தை மூடியிருக்கும் மெல்லிய காப்புத்தாளும் சில நூல்களில் தனிப்பக்கமாக வருடப்பட்டிருக்கிறது. அதனால் பக்க எண்ணிக்கை குழம்புகிறது. பக்கப் பட்டியலில் சில படங்கள் படம் என்றே குறிக்கப்படவில்லை. அங்கே அட்டவணையை நம்பாமல் தாள் தாளாகப் புரட்டியே எண்ண வேண்டும். பல தொகுதிகள் கொண்ட நூல்களில் எது எந்தத் தொகுதி என்று தேடிப்பிடிப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. கைபேசியில் பெரிய படங்கள் திறக்க நேரமாகிறது, கணினித் திரையில்தான் உருப்படியாகப் பார்க்க முடிகிறது.

பதிவிறக்கும் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. முழு நூலையும் பிடிஎஃப் ஆக எடுத்தால் படங்கள் அழுத்தப்பட்டு நுணுக்கம் கெட்டுவிடுகிறது. வாசிப்பதற்கு அது போதும். விற்பனையாளர் அனுப்பும் ஒளிப்படத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால், வேண்டிய பக்கத்தின் உயர்தெளிவுப் படத்தைத் தனியாக எடுத்துக்கொள்வதே சரி. ஃப்ளிக்கர் தளத்தில் இதே நூலகம் பெருந்தொகையான படங்களைப் பிரித்து இட்டிருக்கிறது. அங்கே படம் அழகாகத் தெரிந்தாலும், முன்பின் பக்கங்கள் அருகில் இல்லாததால் வாங்குபவருக்கு அவ்வளவாக உதவாது. நூலோடு சேர்த்துப் பார்க்க மூலத் தளத்துக்கே போக வேண்டும்.