நகரத்தைக் குறுக்கே வெட்டுவதா, சுற்றிப் போவதா: பைக் பயணிக்கு எது ஆதாயம்?

நீண்ட பைக் பயணத்துக்கு வழி போடும்போது கோடு நேராகத்தான் ஓடும். பாதியில் ஒரு பெருநகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எப்படித் தாண்டுகிறோம் என்பதில்தான் அந்த நாளின் தலையெழுத்து இருக்கிறது. ஊருக்குள் புகுந்து வெளியேறலாம், ரிங் ரோட்டில் ஏறிச் சுற்றலாம், இல்லையென்றால் வெகுதூரம் தள்ளிச் சின்ன ஊர்கள் வழியாக வளைத்துப் போகலாம். மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை நிமிடம் மிச்சம் என்று பார்த்து இவற்றை எடைபோடக் கூடாது. நகரத்தைத் தாண்டிய பிறகும் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் பாக்கி இருக்கும். அதை ஓட்டுவதற்குக் கையிலும் மூளையிலும் எவ்வளவு தெம்பு மிஞ்சுகிறது என்பதுதான் என் கணக்கு.

இந்தக் கணக்கு எனக்கு ஒரு மாலையில் பிடிபட்டது. 22 கிலோமீட்டர்தானே என்று, பெட்டிகள் மாட்டிய பைக்கோடு ஒரு பெருநகரத்துக்குள் நுழைந்தேன். வெளியே வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சைப் பிடித்து, விட்டு, பாதி பிடித்து ஊர்ந்ததில் இடது கை விரல்கள் மடங்க மறுத்தன. கிளட்ச் தட்டுகள் சூடேறியதும் லீவர் பிடிக்கும் இடமே மாறிப்போனது. நின்றபடி நியூட்ரல் போட மூன்று நான்கு முறை தட்ட வேண்டியிருந்தது. ரேடியேட்டர் விசிறி நிற்காமல் ஓடி, சூடான காற்றைத் தொடையில் ஊதியது. நகரம் முடிந்து சாலை திறந்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்க வேகம் எடுத்தேன். ஒரு சாதாரண வளைவில் பிரேக் பிடிக்கத் தாமதித்து, நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டேன். எதிரே வண்டி வரவில்லை, தப்பித்தேன். நெரிசலில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நெரிசல் தின்றுவிட்டுப் போன கவனம்தான் அங்கே காலை வாரியது.

ஆகவே பட்டப்பகலில் ஊருக்குள் புகுவதை நான் கடைசியில் வைப்பேன். அதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ஓட்டம்தான் குளிர்ச்சி. ஊர்ந்தால் அதற்கு மூச்சு முட்டும். ‘பைக்தானே, கார்களுக்கு இடையில் புகுந்து போய்விடலாம்’ என்பது வெறும் வண்டிக்குப் பொருந்தும். இரண்டு பக்கமும் பெட்டி மாட்டினால் அகலம் ஒரு மீட்டரைத் தொடும். கைப்பிடி நுழைந்த சந்தில் பெட்டி நுழையாது. அப்படிப் புகுவதற்கான சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2014இல் அதை அனுமதித்தபோதே 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. விபத்து விஷயத்திலும் சந்திப்புகள்தான் பொல்லாதவை. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியான ஹர்ட் அறிக்கை, விபத்து அதிகம் நடக்கும் இடம் சாலைச் சந்திப்பு என்றது. இன்னொரு வண்டியும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வண்டிக்காரர் பைக்குக்கு விட வேண்டிய வழியை விடாததால் நேர்ந்தவை. ஊருக்குள் போவதென்றால் இப்படிப்பட்ட சந்திப்புகளை ஐம்பது, நூறு என்று கடக்க வேண்டும்.

இனி ரிங் ரோடு. இதை எடைபோட ஒரு சின்னக் கணக்கு போதும். நகரத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ரிங் ரோடு, ஆரம் 25 கிலோமீட்டர். 12 மணிப் பக்கம் நுழைந்து நேர் எதிரே 6 மணிப் பக்கம் வெளியேற வேண்டுமென்றால் குறுக்கே 50 கிலோமீட்டர், சுற்றினால் 78.5. பகல் நெரிசலில் சராசரி 20 கிலோமீட்டர் வேகம் கிடைத்தால் குறுக்கு வழிக்கு இரண்டரை மணி நேரம். ரிங் ரோட்டில் சராசரி 60 போனாலே ஒரு மணி இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். தூரம் கூடினாலும் சுற்றுவழிக்குத்தான் வெற்றி.

பலர் கவனிக்காத சங்கதி வேறொன்று. எல்லாப் பயணமும் 12இலிருந்து 6க்குப் போவதில்லை. 12 மணிப் பக்கம் நுழைந்து 3 மணிப் பக்கம் வெளியேறுபவருக்கு மையம் வழியாக 50 கிலோமீட்டர் என்றால், விளிம்பில் வெறும் 39தான். அவருக்கு ரிங் ரோடுதான் குறுக்கு வழி! 4 மணிப் பக்கம் என்றால் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆகவே வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது, நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் நடுவே உள்ள கோணம்.

பெயரில் ரிங் ரோடு என்று இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. லண்டனைச் சுற்றும் எம்25 சாலை 1986இல் முழுமையடைந்தது. 188 கிலோமீட்டர் நீளத்தில் நகரத்தை விட்டுத் தள்ளியே ஓடுகிறது. பாரிஸின் பெரிஃபெரிக் 1973இல் முடிந்தது, 35 கிலோமீட்டர்தான். நகரம் அதைத் தாண்டி எப்போதோ வளர்ந்துவிட்டது. 2024 முதல் அங்கே வேக வரம்பு 50. இரண்டும் சுற்றுச்சாலைகள்தான், ஆனால் பயணிக்கு ஒன்றல்ல. சாலையின் இரு பக்கமும் கட்டடங்கள் நெருங்கியிருந்தால் அது இன்னொரு நகரத் தெருதான். இரண்டாவது வெளிவட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்த சிக்கல் அனுமதி. தென்கொரியாவில் எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்கு இடமே இல்லை. பிலிப்பைன்ஸில் 400 சிசிக்குக் குறைந்தால் ஏற முடியாது. ஜப்பானில் 125 சிசியும் அதற்குக் கீழும் கூடாது. சுற்றுச்சாலை இந்த வகையில் வருகிறதா என்று கிளம்பும் முன்பே பார்க்காவிட்டால், நுழைவாயிலில் திருப்பி அனுப்பப்பட்டு நேரே நெரிசலுக்குள் விழ வேண்டியதுதான். லாரிக் கூட்டமும் சுற்றுச்சாலையில்தான் அதிகம். பெரிய லாரியை முந்தி அதன் மூக்கைத் தாண்டும் நொடியில் காற்று பக்கவாட்டில் அறையும். கையை இறுக்காமல், முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டால் வண்டி தானாக நிலைக்கு வரும்.

வெகுதூரம் வளைத்துப் போகும் மூன்றாவது வழி மனதுக்கு இதமானது, நானும் அதன் ரசிகன். ஆனால் 120 கிலோமீட்டர் கூடுதல் என்றால், சின்னச் சாலைகளில் சராசரி 40 வேகத்துக்கு மூன்று மணி நேரம். அன்றைய தூரத்தில் கால் பங்குக்கு மேல் கூடினால் நான் அதைத் தொடுவதில்லை. அந்த வழியே பயணத்தின் நோக்கம் என்றால் தாராளமாகப் போகலாம்.

வழியை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றுவதுதான் எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது. முந்தைய இரவு நகரத்துக்கு 40 கிலோமீட்டர் முன்பே தங்கி, விடியுமுன் கிளம்பினால் அதே குறுக்கு வழியில் சராசரி 40 கிடைக்கும். அதே 50 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ரிங் ரோட்டைவிட ஐந்து நிமிடம் முன்னால்! ஞாயிறு காலை என்றால் இன்னும் சுகம். விடியலைத் தவறவிட்டவர்களுக்கும் ஓர் உபாயம் உண்டு. வேலைக்குப் போகும் கூட்டம் காலையில் உள்ளே வரும், மாலையில் வெளியே போகும். நீங்கள் மாலையில் உள்ளே போய், நகரத்தின் நடுவில் தங்கி, காலையில் வெளியேறினால் இரண்டு முறையும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில்தான் ஓட்டுவீர்கள். பெட்டிகளோடு வண்டியைப் பத்திரமாக நிறுத்த இடம் கிடைத்தால் நல்ல ஏற்பாடு. நாலைந்து பேர் சேர்ந்து போகும் கூட்டத்துக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். முதல் சிக்னலிலேயே இரண்டாக உடைந்துவிடும். அவர்களுக்கு எப்போதும் சுற்றுச்சாலைதான்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் மேப் செயலி அதைக் கலைக்கப் பார்க்கும். பாதி ரிங் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது நான்கு நிமிடம் மிச்சம் என்று உங்களை ஊருக்குள் திருப்பிவிடும். அதைத் தடுக்க ரிங் ரோட்டின் மேல் இரண்டு மூன்று இடைப்புள்ளிகளை வைப்பேன். விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கி, புள்ளி நாம் போகும் திசையின் பிரதான சாலை மேலேயே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்துச் சர்வீஸ் ரோட்டிலோ எதிர்ப்பக்கத்திலோ விழுந்தால், அந்தப் புள்ளியைத் தொடுவதற்காக உங்களை இறக்கி, யூ டர்ன் அடிக்க வைத்து, மறுபடி ஏற்றும். கிளம்பும் நேரத்தையும் செயலியில் போட்டுப் பாருங்கள். முந்தைய இரவு பத்து மணிக்குக் காட்டும் நெரிசலுக்கும் மறுநாள் எட்டு மணி நெரிசலுக்கும் சம்பந்தமே இருக்காது.

அதோடு ஒரு துண்டுக் காகிதம். ரிங் ரோட்டில் ஏறும் இடம், இறங்கும் வழியின் எண், அதற்கு முந்தைய வழியின் எண், இறங்கியதும் வரும் முதல் ஊர். பெரிய எழுத்தில் நான்கே வரி. பெட்ரோல் டேங்க் மேல் மாட்டும் டேங்க் பேக்கில், உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பைக்குள் செருகிவிடுவேன். வெயிலில் போன் சூடாகித் திரை அணைந்த நாட்களில் அதைப் பார்த்தேதான் நகரம் தாண்டியிருக்கிறேன்.