லென்ஸ் டப்பாவில் வந்த ஸ்டிக்கர் எங்கேங்க?

கோயமுத்தூரில் கண்புரை ஆபரேஷனுக்கு மூன்றே நாளில் தேதி கொடுத்தார்கள். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவ சேவையின் வரிசையில் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பவர்களுக்கு இது கேட்கவே இனிக்கும். இனிப்பு டிஸ்சார்ஜ் சம்மரியோடு தீர்ந்தது. அப்புச்சியின் வலது கண்ணுக்குள் என்ன வைத்தார்கள் என்பதற்கு அதில் இருந்தது ஒரே வரி: 'ஃபோல்டபிள் லென்ஸ்', அதாவது மடித்து உள்ளே வைக்கிற லென்ஸ். மாடல் இல்லை, பவர் இல்லை. "இம்போர்ட்டட்தானுங்க, பயப்படாதீங்க" என்றது கவுன்டரில் இருந்த பொண்ணு.

லென்ஸ் டப்பா ஒவ்வொன்றிலும் உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் சில வரும். மாடல், பவர், சீரியல் நம்பர், காலாவதி தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒன்று ஆஸ்பத்திரி ஃபைலுக்கு, ஒன்று நமக்கு. வண்டிக்கு ஆர்.சி. புக் மாதிரி. எதிர்பார்த்த பார்வை வராமல் லென்ஸை மாற்ற வேண்டி வந்தாலோ, இடது கண்ணுக்குக் கணக்குப் போடும்போதோ, வேறு ஊர் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்.

லென்ஸ் தேர்வும் இதே லட்சணம்தான். லேமினேட் செய்த அட்டையில் இந்தியன், இம்போர்ட்டட், பிரீமியம் என்று மூன்று ரேட். நாட்டின் பெயரா பார்வை தரும்? மதுரை ஆரோலேப் 1992 முதல் லென்ஸ் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. அங்கே அதுவும் இம்போர்ட்டட்தான். கேட்க வேண்டியது வேறு. பி.எம்.எம்.ஏ. என்கிற வளையாத பிளாஸ்டிக் லென்ஸுக்கு 5, 6 மி.மீ. வெட்டு வேண்டும்; மடித்து வைப்பதற்கு 3 மி.மீ.க்குள் போதும். மடிக்கிறதிலும் ஹைட்ரோஃபோபிக் அக்ரிலிக்கில் (தண்ணீர் ஒட்டாத பிளாஸ்டிக்), ஓரம் சதுரமாக இருந்தால், லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற சவ்வு மங்குவது குறைவு. மங்கினாலும் யாக் லேசரில் சில நிமிடத்தில் சரிசெய்வார்கள்.

ஒரே தூரத்துக்கான மோனோஃபோகல் வைத்தால், பொதுவாகத் தூரம் தெளிவு, பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். என்.எச்.எஸ்.ஸில் பெரும்பாலும் இது ஒன்றுதான், பேரமே கிடையாது. மூன்று தூரத்துக்கான ட்ரைஃபோகல் 40 செ.மீ.யில் எழுத்தையும் காட்டும், ஆனால் வரும் வெளிச்சத்தைப் பங்கு போட்டுத்தான் காட்டும். ராத்திரி டி.வி.எஸ். ஃபிஃப்டியில் தோட்டத்துக்குப் போகிறவருக்கு எதிர்லாரி விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். சர்க்கரையால் விழித்திரை கெட்டவருக்கும், கிளகோமா என்கிற கண் அழுத்த நோய் முற்றியவருக்கும் பொதுவாக இது ஆகாது. சோமனூர்ப் பக்கம் தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறவருக்கு வேண்டிய தூரம் ஒன்று, தென்னை உச்சியில் காய் பார்க்கிறவருக்கு வேண்டியது இன்னொன்று. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று அந்தக் கவுன்டரில் யாரும் கேட்கவில்லை. பேக்கேஜ் எதுங்க என்றுதான் கேட்டார்கள்.

டோரிக் லென்ஸ் கருவிழியின் வளைவுக் கோணலுக்கு. வைத்த லென்ஸ் ஒரு டிகிரி திரும்பினால் சுமார் 3 சதவீதம் பலன் போகும், 30 டிகிரியில் மொத்தமும் போச்சு. படுத்தால் கண் லேசாகச் சுழலும் என்பதால் உட்கார வைத்தே கண்ணில் குறி போட வேண்டும்.

இத்தனைக்கும் அடிவேர் பயோமெட்ரி, அதாவது லென்ஸ் பவருக்காகக் கண்ணை அளப்பது. கண்ணின் நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் பவர் சுமார் இரண்டரை டயாப்டர் தப்பும். புரை முற்றிவிட்டால் ஒளிக்கருவி அளக்காது. அப்போது கண்ணில் வைத்து அளக்கிற அல்ட்ராசவுண்ட் கருவியான ஏ-ஸ்கேனை அழுத்திப் பிடித்தால் நீளம் குறைவாகக் காட்டும். அந்த அளவுத் தாளையும் ஒரு நகல் கேளுங்கள். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர் இப்போது நிறுத்தியிருந்தாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆபரேஷன் நடுவில் கண்பாப்பா சுருங்கி, ஐரிஸ் தளதளவென்று ஆடும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் பச்சைத் துணி, கறுப்புக் கண்ணாடி, தலைக்குத் தண்ணி ஊத்தாதே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

ஸ்டிக்கரா? அரை நாள் கழித்து ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டருக்குள் ஒட்டாமலே கிடந்தது. பவர் +20.5. இப்போது அப்புச்சியின் மஞ்சப்பையில், பேங்க் பாஸ்புக் அட்டைக்குள் இருக்கிறது.